மூன்று அல்பாகா, ஒரு லாமா: முதல் வருட நாட்குறிப்பு

மார்ச் 2
வந்து இறங்கிவிட்டன. அல்பாகாவும் லாமாவும் தென் அமெரிக்காவின் ஒட்டக இன விலங்குகள். அல்பாகா மூன்றும் பெட்டை, லாமா காயடித்த ஆண். நிறத்தை வைத்தே பெயர்: செவலை, காரி, மயிலை. லாமாவுக்கு நெட்டையன். மயிலை சினையாக வந்திருக்கிறது. இறங்கியதும் நான்கும் ஒட்டிக்கொண்டு கொட்டிலின் மூலைக்குப் போய் நின்று, மூக்கால் 'ம்ம்ம்' என்று முனகின. உலர்புல்லை வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று வாங்கினால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. மந்தையில்லாமல் அது உண்ணாமல் வாடும். அதைவிட ஆபத்து, குட்டியிலிருந்தே புட்டிப்பால் கொடுத்து மனிதரோடு மட்டும் கொஞ்சி வளர்த்த ஆண். பருவம் வந்ததும் நம்மையும் போட்டிக்கு வந்த இன்னொரு ஆணாக நினைத்து மார்பால் மோதும், கடிக்கும். புட்டிப்பால் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

மார்ச் 5
நான்கும் ஒரே மூலையில்தான் புழுக்கை போடுகின்றன. ஒன்று போய் நின்றால் மற்றவை பின்னாலேயே வரிசை கட்டுகின்றன. அள்ளுவது எளிது, மேயும் இடத்தில் புழு முட்டை பரவுவதும் குறையும். வேலியோரம் இருந்த அரளியை வேரோடு எடுத்தாயிற்று. அதில் கொஞ்சம் இலை போதும், உயிர் போய்விடும்.

மார்ச் 11
கண்ணால் பார்த்தால் நான்கும் கொழுகொழுவென்று இருக்கின்றன. அது முழுக்க ரோமம். உள்ளே எலும்பும் தோலுமாக இருந்தாலும் வெளியே தெரியாது. போதாததற்கு, உடம்பு முடியாததைக் காட்டிக்கொள்ளாத சாதி இது. படுத்துவிட்ட பிறகுதான் நமக்கே தெரியவரும்.

அதனால் கைதான் கணக்கு. கடைசி விலா முடிகிற இடத்துக்கு மேலே முதுகெலும்பின் மீது உள்ளங்கையை வைத்து, கட்டைவிரலை ஒரு பக்கமும் மற்ற விரல்களை மறுபக்கமும் இறக்க வேண்டும். எலும்பிலிருந்து சதை நேர்ச்சரிவாக இறங்கினால் சரி. உள்ளே குழிந்தால் மெலிவு, வெளியே புடைத்தால் கொழுப்பு. 1 முதல் 5 வரை மதிப்பெண், 3 நல்லது. செவலைக்கு 3, நெட்டையனுக்கு மூன்றரை. காரியிடம் விரல் குழியில் இறங்கியது. 2 என்று எழுதிக்கொண்டேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளிறியிருந்தது. புழுக்கை பரிசோதனைக்குப் போயிருக்கிறது.

மார்ச் 14
எதிர்பார்த்ததுதான்: இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. மருந்தின் அளவை ஆட்டுக் கணக்கில் போடக்கூடாது என்று கால்நடை மருத்துவர் எடை பார்த்தே கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றும் வழக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. முட்டை எண்ணிக்கையைப் பார்த்துத் தேவைப்படுவதற்கு மட்டும் கொடுத்தால்தான் மருந்துக்கு மசியாத புழுக்கள் பெருகாமல் இருக்கும். தாது உப்பும் ஒட்டக இனத்துக்கென்று உள்ளதே வேண்டும்; செம்பு மிகுந்தால் ஈரல் கெடும்.

மார்ச் 23
முகப்பட்டை, அதாவது பிடித்து நடத்துவதற்காக முகத்தில் மாட்டும் பட்டை, பழக்குகிறேன். இதில் ஒரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. அல்பாகாவின் மூக்கெலும்பு குட்டை. அது முடிந்ததும் மீதி மூக்கு வெறும் குருத்தெலும்பு. சுவாசமும் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். பட்டை முன்னால் நழுவினால் குருத்தெலும்பு அமுங்கி மூச்சு முட்டும், விலங்கு துள்ளிப் புரளும். பார்ப்பவர்கள் 'முரடு' என்று சொல்லி இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். மூக்குப்பட்டை கண்ணுக்குக் கீழே, எலும்பின் மேல் உட்கார வேண்டும். தாடைக்கு அசைபோட இடமும் வேண்டும். செவலையின் பட்டையை மேலேற்றிக் கட்டியதும் தலையை ஆட்டுவதை நிறுத்திவிட்டது.

ஏப்ரல் 9
துப்பல். பயந்தபடி என் மேல் இல்லை. தீவனத்தொட்டியில் தலைவிட்ட காரியின் முகத்தில் மயிலை அடித்தது. பச்சைச் சாறு, வாந்தி நாற்றம். துப்பிய வாய்க்கும் அது பிடிக்காது போல, கீழுதடு தொங்க வெகுநேரம் நின்றது. இனி தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்கப் போகிறேன்.

ஆள் வந்தால் லாமாவையும் அல்பாகாவையும் குழப்பிக்கொள்கிறார்கள். காதைப் பாருங்கள்: லாமாவுக்கு உள்நோக்கி வளைந்த நீளக் காது, அல்பாகாவுக்கு நேரான குட்டைக் காது. வம்சமும் வேறு. ஆண்டிஸ் மலையில் குவானகோ என்ற காட்டு விலங்கிலிருந்து லாமாவையும், விகுன்யா என்ற காட்டு விலங்கிலிருந்து அல்பாகாவையும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கி எடுத்திருக்கிறார்கள்.

மே 10
ரோமக் கத்தரிப்பு. வருடத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன். முன்னங்காலையும் பின்னங்காலையும் கயிறு போட்டு நீட்டிப் படுக்க வைத்து, வயிற்றிலிருந்து முதுகுக்குப் போனார் கத்தரிப்பவர். முதுகும் விலாவும் போர்த்திய ரோமம்தான் உயர்தரம். கழுத்து, கால் ரோமத்தைத் தனிப்பையில் போட்டோம். அதே மூச்சில் நகமும் வெட்டியாயிற்று. மயிலைக்குச் சினை முற்றிவிட்டதால் கிடத்தவில்லை. நிற்க வைத்தே வயிற்றையும் பக்கங்களையும் மட்டும் எடுத்தோம்.

எழுந்து போனவை ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் மோந்து பார்த்துச் சண்டைக்கு நின்றன. காரி தோல் உரித்த வெங்காயம் போல இருந்தாலும் முதுகு நிரம்பியிருக்கிறது. கைக்கும் இப்போது 3 வருகிறது.

மே 29
கொளுத்துகிறது. முதுகில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நனைந்த ரோமம் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். வயிறு, தொடையிடுக்கு, கால் இங்கேதான் பீய்ச்ச வேண்டும். குழாயைத் திறந்ததும் நெட்டையன் வந்து அதன் மேலேயே படுத்துக்கொள்கிறான்.

ஜூன் 21
மயிலை ஈன்றுவிட்டது. சினைக்காலம் ஏறத்தாழ பதினொன்றரை மாதம். பெரும்பாலும் பகலில்தான், அதுவும் முற்பகலில்தான் ஈனும். மலைக் குளிரில் இருட்டுவதற்குள் குட்டி உலர்ந்துவிட வேண்டுமல்லவா. காலையில் மந்தையை விட்டு விலகிப் புழுக்கை மூலைக்கும் வேலிக்குமாக நடந்தது. பிறகு மூக்கும் முன்னங்கால்களும் தெரிந்தன. தாய் நின்றபடியே ஈன்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒழுங்காக வருவதை இழுப்பது கெடுதல்.

ஆடுமாடு போல இவை குட்டியை நக்காது. நாக்கு அவ்வளவு வெளியே நீளாது. மோந்து மோந்து முனகிக்கொண்டே இருந்தது. குட்டியைப் போர்த்திய மெல்லிய சவ்வு வெயிலில் காய்ந்து தானே உதிர்ந்தது. தொப்புளுக்கு அயோடின் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து மடியைத் தேடிவிட்டது. நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் கிடைக்காது, சீம்பாலில்தான். முதல் நாளிலேயே அது உள்ளே போய்விட வேண்டும். நஞ்சுக்கொடியும் மதியத்துக்குள் முழுசாக விழுந்தது. பெட்டைக்குட்டி, ஏழரை கிலோ.

ஜூன் 24
தினமும் தராசு. நேற்று கொஞ்சம் இறங்கிய எடை இன்று ஏறிவிட்டது. குட்டியைக் கொஞ்ச வருகிறவர்களை வேலிக்கு வெளியே நிறுத்துகிறேன். கோபித்துக்கொள்கிறார்கள்.

ஜூலை 12
ஈன்று மூன்று வாரம் ஆயிற்றே, மயிலையை ஆணிடம் விடவில்லையா என்று விற்றவர் கேட்கிறார். விடலாம்தான். இணை சேரும்போதுதான் இவற்றுக்குக் கருமுட்டை வெளிவரும். பருவத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சினை பிடித்ததா என்று பிறகு ஆணைக் காட்டினால் போதும், பிடித்திருந்தால் பெட்டை துப்பி விரட்டிவிடும். ஆனால் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் மயிலையின் முதுகு இரண்டரைக்கு இறங்கியிருக்கிறது. இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தீவனத்தைக் கூட்டியிருக்கிறேன். குட்டிக்குத் தடுப்பூசித் தேதி கேட்க வேண்டும். நெட்டையனின் பின்னங்கால் நகம் வளைய ஆரம்பித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வெட்ட வேண்டும்.