ஃபேன் கன்டென்சர் வரை நாமே பார்க்கலாம், எம்சிபி பக்கம் போக வேண்டாம்

குழாய் சொட்டினால் தயங்காமல் ஸ்பேனரை எடுக்கலாம். கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, தலைப்பகுதியைக் கழற்றினால் ஸ்பிண்டிலின் அடியில் வாஷர் தேய்ந்து குழி விழுந்திருக்கும். அதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கி மாட்டினால் போதும். கால் திருப்பில் திறக்கும் புதுமாதிரிக் குழாயில் வாஷர் கிடையாது, உள்ளே இருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜை அப்படியே மாற்ற வேண்டும். தப்பாக மாட்டிவிட்டால்? ஒழுகும், கண்ணுக்குத் தெரியும், வால்வை மூடினால் நின்றுவிடும்.

எந்த வேலையில் கைவைக்கும் முன்பும் இந்த இரண்டைத்தான் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். தப்பு நடந்தால் உடனே தெரியுமா? தெரிந்ததும் நிறுத்த முடியுமா? நமக்குக் கைவேலை வருமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சீலிங் ஃபேனை எடுத்துக்கொள்வோம். ஐந்தில் வைத்தும் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கிளம்பாமல் முனகிக்கொண்டு நிற்கிறது. முதலில் கரண்டை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடங்கலில்லாமல் ஓடி மெல்ல நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கன்டென்சர்தான் போயிருக்கும். இறுக்கிப் பிடித்து உடனே நின்றால் பேரிங் கோளாறு. அதைக் கடையில் கொடுப்பதே நல்லது.

கன்டென்சர் மாற்றுவது சின்ன வேலை. ஆபத்து அதற்கு முன்னால் இருக்கிறது. ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். ஃபேஸுக்கு (கரண்ட் வரும் வயர்) பதில் நியூட்ரலை (கரண்ட் திரும்பும் வயர்) ஸ்விட்சில் கொடுத்திருக்கும் வீடுகள் உண்டு. அங்கே ஃபேன் நின்றாலும் வயரில் கரண்ட் இருக்கும். மெயினை அணைத்தாலும் தீராது. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் ஃபேனும் லைட்டும் அதில்தானே போகின்றன? மெயின் போனதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் அதே வயருக்கு 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டையும் அணைக்க வேண்டும். அதற்கு முன் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று ஓடுகிற பிளக் பாயிண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அணைத்த பிறகு ஃபேன் வயரில் வைத்துப் பாருங்கள்.

பிறகு மோட்டாருக்கு மேலே இருக்கும் கப்பைத் தளர்த்தினால் கன்டென்சர் தெரியும். எந்த வயர் எங்கே போகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டு, தேங்கிய மின்சாரத்தை இறக்குங்கள். மேலே 2.5 என்று அச்சிட்டிருந்தால் 2.5-தான் வாங்க வேண்டும். 3.15 போட்டால் வேகம் கூடும் என்று கடையிலேயே சொல்வார்கள். கூடத்தான் செய்யும். ஆனால் காயில் சூடேறி, கொஞ்ச நாளில் மோட்டாரே போய்விடும். பிஎல்டிசி ஃபேனுக்கு இந்த வைத்தியம் கிடையாது, அதில் இருப்பது எலக்ட்ரானிக் போர்டு.

புதுக் கன்டென்சர் போட்டும் சரியாகவில்லை என்றாலோ, கருகல் வாடை வந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். கப்பைத் திறந்திருக்கும்போதே தொங்கும் ராடின் போல்ட்டில் பூட்டுப் பின் இருக்கிறதா, கூரையில் உள்ள கொக்கி துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கொக்கி மெலிந்திருந்தால் அதன் கீழே யாரும் படுக்க வேண்டாம்.

கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்தான் எம்சிபி. அது அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடுவார்கள். ட்ரிப் நின்றுவிடும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. 2000 வாட் கீசர் இழுப்பது 9 ஆம்பியருக்கும் கீழேதான். அதற்கே 16 விழுகிறது என்றால் வேறு எங்கோ கோளாறு இருக்கிறது. எம்சிபி காப்பது கீசரை அல்ல, சுவருக்குள் போகும் வயரை. அந்த வயர் தாங்காத கரண்டை 32 கேள்வி கேட்காமல் விட்டுவிடும். வயர் சுவருக்குள் உருகுவது யார் கண்ணுக்கும் தெரியாது. என் இரண்டு கேள்விகளுக்கும் இங்கே பதில் 'இல்லை'.

கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்சான ஆர்சிசிபி விழுவதும் இப்படித்தான். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அது விழ வேண்டும். கீசர் போட்டதும் விழுந்தால் எலிமென்ட் ஓட்டையாகித் தண்ணீரில் கரண்ட் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சிசிபியைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுப்பவர், குளிக்கப் போகிறவரின் உயிரோடு விளையாடுகிறார். அதே கீசரின் சேஃப்டி வால்வு தண்ணீர் சுடும்போது சொட்டினால் பதற வேண்டாம். சூட்டில் விரியும் தண்ணீருக்கு அது வழிவிடுகிறது. ஒழுகுகிறதே என்று பிளக் போட்டு அடைத்தால் டாங்க் வெடிக்கவும் கூடும். ஓயாமல் ஒழுகினால் வால்வை மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால் பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. த்ரீ ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டால் சில அறைகளில் 400 வோல்ட்டை ஒட்டி ஏறலாம், ஃபிரிட்ஜும் டிவியும் சேர்ந்து போகும். எதையும் கழற்றிப் பார்க்காமல் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

செப்டிக் டாங்கைப் பற்றி மட்டும் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். அடைப்பு என்றால் மூடியைத் திறந்து யாரும் உள்ளே இறங்காதீர்கள். அதில் ஹைட்ரஜன் சல்ஃபைட் தேங்கியிருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போன மகனும் தம்பியும் அடுத்தடுத்து விழுவது இதனால்தான். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த தண்ணீர் சம்பிலும் ஆக்சிஜன் குறைந்திருக்கும், அதையும் லேசாக எண்ண வேண்டாம். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், தீயணைப்புக்கு 101. அடைப்பெடுக்க லாரி வந்தால் குழாயை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள். அடியில் கொஞ்சம் சேறு தங்கிவிட்டது, இறங்கி வாரிவிடட்டுமா என்று அவர்களே கேட்டாலும், வேண்டாம் என்று சொல்லி மூடியைப் போட்டுவிடுங்கள்.