அம்மாவின் இரத்தம், இரண்டு தடவை

ஜூலை 8

நாளை காலை அம்மாவை லாப்புக்குக் கூட்டிப்போக வேண்டும். கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியிருப்பது ஐந்து: வெறுவயிற்றுச் சீனி, எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனிக் கணக்கு), கொலஸ்ட்ரோல், கிரியேட்டினின், பொற்றாசியம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினொரு வருடம். பிரஷருக்கு லொசாட்டன் போடுகிறார். அந்த மாத்திரை சிலருக்குப் பொற்றாசியத்தை ஏற்றிவிடும், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். கடைசி இரண்டும் அதற்காகத்தான்.

ஒரு கிழமையாக அம்மா சோற்றைப் பாதியாக்கிவிட்டார். பின்னேரத் தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. சோதனை வருகிறதென்றால் எப்போதும் இப்படித்தான். இன்று இரவு ஏழரைக்குக் குரக்கன் பிட்டு, அதோடு சரி.

“விடிய வெறுந்தேத்தண்ணி ஒரு வாய் குடிச்சா என்ன பிள்ளை?”

“வேண்டாம் அம்மா. தண்ணி மட்டும் வேண்டியளவு குடியுங்கோ.” தண்ணீர் குடித்தால்தான் நரம்பும் எழும்பும்.

ஜூலை 9, காலை

ஆறரைக்கே பாலையூற்றிலிருந்து திருகோணமலை டவுனுக்கு ஓட்டோ பிடித்தோம். கச்சான் காற்று விடியவே தொடங்கிவிட்டது, கண்ணெல்லாம் புழுதி. பஸ் நிலையத்தடியில் நான்கைந்து மான்கள் வாழைப்பழத் தோலைத் தேடிக்கொண்டு நின்றன. அம்மா ஓட்டோவை மெதுவாக்கச் சொல்லிப் பார்த்தார்.

லாப்பில் எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். எல்லாரும் வெறுவயிறு. இரத்தம் எடுத்த பிள்ளை ஒருத்திதான். பாவம், நிமிரவே நேரமில்லை. அம்மாவின் நரம்பு மெல்லியது, முதல் குத்தில் கிடைக்கவில்லை. றப்பர் பட்டியை இறுக்கிக் கட்டியபடியே, “கையைப் பொத்தி விரியுங்கோ, இன்னும், இன்னும்” என்றாள். இரண்டாவது குத்தில் ஊசியை உள்ளே அசைத்துத்தான் இரத்தம் வந்தது. சிரிஞ்சை இழுத்து நிரப்பி, ஊசியைக் கழற்றாமலே ரியூப்புகளின் மூடியில் குத்தி அழுத்தி விட்டாள். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 9, இரவு

இப்போது பத்தரை. கை நடுக்கம் நின்ற பிறகுதான் எழுத வருகிறது.

ஐந்து மணிக்கு றிப்போர்ட் எடுத்தேன். சீனி 118. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதற்குக் கீழே பொற்றாசியம் 6.3, தடித்த எழுத்தில். பக்கத்தில் வழமையான அளவு 3.5 முதல் 5.1 என்றிருந்தது. ஆறுக்கு மேல் போனால் இதயத் துடிப்பே குழம்பலாம் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. “டொக்டர் இண்டைக்கே வரச் சொன்னவர்” என்று பொய் சொல்லித்தான் ஓட்டோவில் ஏற்றினேன்.

டொக்டர் முதலில் ஈசிஜி எடுத்தார். கோடுகள் ஒழுங்காக இருந்தன. பிறகு அம்மாவின் முழங்கை மடிப்பைப் பார்த்தார். பெரிய நாணயம் அளவுக்கு நீலம் பாரித்திருந்தது.

“கையைப் பொத்திப் பொத்தி விரிக்கச் சொன்னவையா அம்மா?”

“ஓம் தம்பி, கை உளைஞ்சு போச்சு.”

அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். இரத்தத்தின் செங்கலத்துக்குள் (சிவப்பணுவுக்குள்) இருக்கிற பொற்றாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கு மேல். இரத்தத்தை மெல்லிய ஊசியால் அழுத்தித் தள்ளினால் கலங்கள் உடைந்து உள்ளே இருந்தது வெளியே கொட்டும். கையைத் திரும்பத் திரும்பப் பொத்தி இறுக்கினாலும் தசையிலிருந்து ஏறும். ஊதா மூடி ரியூப்பில் இருப்பதே ஒரு பொற்றாசிய உப்புத்தான், அதில் ஒரு துளி மற்ற ரியூப்பில் பட்டாலும் கணக்குப் பிழைக்கும். “பொய்யா ஏறினதாத்தான் இருக்க வேணும். ஆனா ஈசிஜி நல்லா இருக்குதெண்டு மட்டும் விட ஏலாது. இப்பவே திரும்ப எடுங்கோ. மறுமொழி வரும்வரை இண்டைய லொசாட்டனைப் போட வேண்டாம்.”

வேறொரு லாப் எட்டு மணி வரை திறந்திருந்தது. அங்கே இருந்த மிஸ் முதலில் அம்மாவையே பெயரும் வயதும் சொல்லச் சொல்லிக் கேட்டார். மற்றக் கையை மடியில் வைத்துச் சூடாக்கச் சொன்னார். “பொத்த வேண்டாம் அம்மா, சும்மா விடுங்கோ.” நரம்பை விரலால் தடவிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பட்டியைக் கட்டி ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்தும் விட்டார். பிறகு ஊசியைக் கழற்றிவிட்டு, மஞ்சள் மூடி ரியூப்பைத் திறந்து, அதன் சுவரோடு இரத்தம் தானாக வழிந்து இறங்கும்படி விட்டார். அம்மாவின் பெயரை எங்கள் கண்முன்னேயே ரியூப்பில் எழுதி ஒட்டினார். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. 4.4.

வீட்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 11

எச்பிஏ1சி இன்று கிடைத்தது. 8.4. டொக்டர் அம்மாவுக்கு வைத்திருக்கிற இலக்கு 7.

அம்மா நம்பவில்லை. “118 எண்டு வந்ததே, இதெப்படி?” செங்கலம் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அத்தனை நாளும் அதில் சீனி ஒட்டிக்கொண்டே வரும், அதனால் இது மூன்று மாதக் கணக்கு என்று சொன்னேன். ஒரு கிழமை பாதிச் சோறு 118-ஐக் காட்டியது. சித்திரை, வைகாசி விருந்துகள் எல்லாம் 8.4-இல் இருக்கின்றன. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபம் இல்லை, பிடிபட்ட பிள்ளையின் முகம். எனக்கு மனம் கேட்கவில்லை. சோற்றுப் பானையை நிரப்பி வைத்தது நானும்தானே.

ஜூலை 12

முதல் லாப்புக்குப் போனேன். சண்டைக்கு இல்லை. இரண்டு றிப்போர்ட்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே இருந்து வந்த ரெக்னீசியன் பதிவைப் பார்த்துவிட்டு, “சீரம் கொஞ்சம் சிவப்பாத்தான் இருந்தது” என்றார். சீரம் என்பது இரத்தம் உறைந்த பிறகு தெளிந்து நிற்கிற நீர், மங்கல் மஞ்சளாக இருக்க வேண்டியது. சிவந்தால் கலம் உடைந்திருக்கிறது. அதைக் கண்ட ஒருவர், “மாதிரி சிதைந்துள்ளது, திரும்ப எடுக்கவும்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரி இல்லாததால் நான் ஒரு மாலை முழுவதும் அம்மாவை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். காசைத் திருப்பித் தர வந்தார், வாங்கவில்லை. இரத்தம் எடுக்கிற பிள்ளைக்குத் துணையாக இன்னொருவரைப் போடச் சொன்னேன். விடியவே பதினைந்து பேரை ஒருத்தி பார்க்க முடியாது.

ஜூலை 17

ஆடிப்பிறப்பு. அம்மா பனங்கட்டி போட்டுக் கூழ் காய்ச்சினார். அரிசிமா உருண்டை, பயறு, தேங்காய்ச் சொட்டு எல்லாம் உண்டு. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக, தனக்கு அரைக் கோப்பை மட்டும் எடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மணித்தியாலம் கழித்து அவரே கேட்டு, விரலில் குத்திப் பார்த்தோம். 171. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியும் 171-உம் எழுதினார். அதற்குப் பக்கத்தில், தன் சாய்ந்த எழுத்தில்: “கூழ், அரைக் கோப்பை. கொழுக்கட்டை ஒன்று.”