வே பிரிட்ஜ் முத்திரைக்கு மூன்று நடை

இடியில் போன வே பிரிட்ஜ் இண்டிகேட்டரை (எடையைக் காட்டும் பெட்டி) மாற்ற ஆன நேரம் அரை மணி. அதற்குப் பிறகு மேடைக்கு மறுபடி அரசு முத்திரை வாங்க ஆனது ஐந்து வாரம். கல் கிரஷரில் ஓடும் லாரி எடைமேடை இது: 60 டன், 18க்கு 3 மீட்டர், எட்டு லோட் செல் (பாரத்தை உணரும் பாகம்), பத்து கிலோ டிவிஷன் (டிஸ்பிளே பத்துப் பத்து கிலோவாகத்தான் மாறும்), ஆழமில்லாத குழி வகை. சீலை உடைத்து ரிப்பேர் பார்த்தால், பழைய சான்றிதழில் எத்தனை மாதம் பாக்கி இருந்தாலும் அது செல்லாது. மறு முத்திரை விழும்வரை லோடு எல்லாம் பக்கத்து மேடைக்குப் போய்தான் எடை போட வேண்டும். வாடகை, டீசல், டிரைவர் முணுமுணுப்பு எல்லாம் நம் தலையில்.

முதல் நடை காகிதத்தில் போனது. விண்ணப்பம், கட்டணம், பழைய சான்றிதழ், உரிமம் உள்ள ரிப்பேரர் தந்த பில் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் பில்லில் 'இண்டிகேட்டர் சர்வீஸ்' என்று ஒரே வரி. கவுன்டரில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "எதைக் கழட்டினீங்க, எதை மாட்டினீங்கன்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பிவிட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் கேட்டது நியாயம். பழைய இண்டிகேட்டரின் சீரியல் எண், புதியதன் சீரியல் எண், மாடல் அங்கீகார எண் (ஐஎன்டி/09 என்று தொடங்கும்), ரிப்பேரரின் உரிம எண், சீல் உடைத்த தேதி, இவை ஐந்தும் ஒரே கடிதத்தில் இருக்க வேண்டும். மேடையின் தகட்டில் இருக்கும் அங்கீகார எண்ணும் கடிதத்தில் உள்ளதும் பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு கம்பெனி இண்டிகேட்டரை மாட்டினால் இங்கேதான் மாட்டுவீர்கள்.

இரண்டாவது நடையில் முத்திரை ஆய்வாளர் நேரிலேயே வந்தார். வந்தவர் முதலில் பார்த்தது மேடையை அல்ல, எடைக்கல்லை. சைட்டில் 20 கிலோ இரும்புக் கல் ஐம்பது, ஆக ஒரு டன். மேடைக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை மறு முத்திரை என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். கல்லுக்கும் 24 மாதத்துக்கு ஒரு முறை உண்டு என்பது மறந்துபோகும். நல்லவேளை, கெடு தாண்ட ஒன்பது நாள் இருந்தது. ஆனால் மூன்று கல்லில் ஈயக் குண்டே காணோம். முத்திரை அந்த ஈயத்தின் மேல்தான் இருக்கிறது. ஈயம் விழுந்தால் அது வெறும் இரும்புத்துண்டு. மூன்றையும் ஒதுக்கிவிட்டு, பக்கத்து மேடையிலிருந்து முத்திரை உள்ள மூன்று கல்லைக் கடன் வாங்கிச் சமாளித்தோம்.

ஒரு டன்னில் டிஸ்பிளே 1,000 காட்டியது. அதை வைத்து மேடை சரி என்று நினைத்துவிடக் கூடாது. பத்து கிலோ டிவிஷனில் நாலு கிலோ பிழை கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு கிலோ கல்லாகச் சேர்த்துக்கொண்டே போனால், எத்தனையாவது கல்லில் 1,010க்குத் தாவுகிறது என்பதில்தான் விஷயம். ஐந்தாவதில் தாவினால் பிழை இல்லை. இரண்டாவதிலேயே தாவினால் மூன்று கிலோ கூடக் காட்டுகிறது என்று அர்த்தம். முத்திரை போடும்போது இந்த மேடைக்கு அனுமதிக்கும் பிழை 5 டன் வரை 5 கிலோ, 20 டன் வரை 10 கிலோ, அதற்கு மேல் 15 கிலோ. ஆகவே ஒரு கிலோ கல் பத்து கையில் இருக்கட்டும்.

இதுவரை பிரச்சினை இல்லை. மாட்டியது மூலைச் சோதனையில்.

எட்டு செல் என்றால் இரண்டிரண்டாக நாலு வரிசை. ஒவ்வொரு வரிசை மேலும் ஒரே பாரத்தை நிறுத்தி ஒரே எடை வருகிறதா என்று பார்ப்பார்கள். ஏழெட்டு டன்னில், நீளம் குறைந்து நிற்கும் வண்டி என்றால் ஜேசிபிதான். எஞ்சினை அணைத்து, பக்கெட் தரையைத் தொடாமல், டிரைவர் இறங்காமல் இருக்க வேண்டும். முதல் வரிசை 7,640, இரண்டாவது 7,640, மூன்றாவது 7,670, நான்காவது 7,640. அந்த எடைக்கு அனுமதி பத்து கிலோ, வந்தது முப்பது. முத்திரை இல்லை.

தப்பு முந்தின நாளே நடந்துவிட்டது. ஆய்வுக்கு முன் நாங்களே ஓட்டிப் பார்த்தபோது அதே மூன்றாவது வரிசை 7,610, அதாவது முப்பது குறைச்சல். டெக்னீஷியன், செல் ஒயர்கள் எல்லாம் சேரும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, அந்த வரிசையின் டிரிம்பாட்டை (செல் காட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகி 7,640க்குக் கொண்டுவந்து மூடிவிட்டார். குறைச்சலுக்குக் காரணம் செல் அல்ல. மேடையின் கீழ்க் கர்டருக்கும் குழித் தரைக்கும் நடுவே எம்-சாண்ட் இறுகிக் கெட்டிப்பட்டிருந்தது. பாரத்தில் ஒரு பங்கைச் செல்லுக்குப் போகவிடாமல் மணலே தாங்கிக்கொண்டது. ராத்திரி மழை. குழித் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்தபோது மணலும் கூடவே போனது. தடை போய்விட்டது, திருகியது மட்டும் நின்றது. குறைச்சலாக இருந்த முப்பது மறுநாள் கூடுதல் முப்பதாக வந்து நின்றது.

டிரிம்பாட்டில் கை வைக்கும் முன் செய்யவேண்டியது இதுதான். நாலு பேர் சேர்ந்து மேடையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். சில மில்லிமீட்டர் நகர்ந்து, மேடையைத் தடுத்து நிறுத்தும் பம்பர் போல்ட்டில் 'டக்' என்று இடித்து, விட்டதும் திரும்பி வர வேண்டும். மந்தமாக, சத்தமில்லாமல் நின்றால் எங்கோ மணலோ ஜல்லியோ சிக்கியிருக்கிறது. ஜேசிபியை எதிர்ப்பக்கமிருந்தும் ஏற்றிப் பாருங்கள்; ஏறும் பக்கம் மாறினால் எடையும் மாறினாலோ, இறங்கிய பின் பூஜ்யத்துக்கு வராவிட்டாலோ அதுவும் சிக்கல்தான். இவையெல்லாம் சரியாக இருந்து, அப்போதும் ஒரு மூலை பிசகினால்தான் திருகல். இன்னொன்று: மேடை மேல் வெல்டிங் வேலை நடந்திருந்தால், எர்த் கிளாம்ப் எங்கே மாட்டினார்கள் என்று விசாரியுங்கள். கரண்ட் செல் வழியாகப் போயிருந்தால் அந்தச் செல்லை மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது நடைக்கு முன் இரண்டு ஆட்கள் அரை நாள் குழியில் இறங்கி, கர்டர் அடியில் கம்பி விட்டுக் குத்தி, மூன்று மூட்டை மணல் எடுத்தார்கள். டிரிம்பாட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் நாலு வரிசையும் 7,640. ஏற்றிய லாரி நிற்கும்போது பக்கத்தில் ஒரு டன் கல்லை அடுக்கியதும் சரியாக ஆயிரம் ஏறியது. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

சீல் கம்பி ஜங்ஷன் பாக்ஸ் மூடியிலும், இண்டிகேட்டரின் காலிபரேஷன் மூடியிலும் போகிறதா என்று நின்று பாருங்கள். முத்திரையில் ஆண்டோடு காலாண்டு எழுத்தும் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். ஆய்வாளர் கிளம்பும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். சான்றிதழ் எடை போடும் அறையில் கண்ணில் படும் இடத்தில் தொங்கட்டும், பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்.

இப்போது குழியில் மோட்டார் ஓடிய மறுநாள் காலையில் மேடை மேல் ஏறும் முதல் வண்டி ஜேசிபிதான். நாலு வரிசையும் நாலு எண்ணாக நோட்டில் ஏறிய பிறகுதான் கேட் திறக்கும்.