மரப்பெட்டியில் இருந்தவர்

மும்பை மாட்டுங்காவில் நம் பள்ளியின் சயின்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் என் மனதுக்கு முதலில் வந்தது, அங்கே பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த மரப்பெட்டிதான். 1979-இல் நான் ஒன்பதாவது. தாராவி 90 அடி ரோட்டிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி நடந்தே பள்ளிக்கு வருவேன்.

பெட்டிக்குள் ஒரு மனிதரின் எலும்புகள். தனித்தனியாக, பழைய செய்தித்தாளில் சுற்றிவைத்திருந்தார்கள். சயின்ஸ் டீச்சர் மேசைமேல் வெள்ளை வேட்டியை விரித்தார். "இது பொம்மை இல்லே. நம்மளாட்டம் நடந்து, சாப்பிட்டு, தூங்கின மனுஷர். ரெண்டு கையாலயும் எடுங்கோ" என்றார். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சிரிப்புச் சத்தம் அப்படியே நின்றுபோனது.

206 எலும்பையும் எண்ணச் சொன்னார். மண்டையோடு ஒரே எலும்பு என்றுதான் நினைத்திருந்தோம். தையல் போட்டதுபோல் ஓடும் கோடுகளை விரலால் தடவிப் பார்த்து, கீழ்த்தாடையோடு சேர்த்து 22 என்று எண்ண வைத்தார். இரண்டு கையிலும் 54, இரண்டு பாதத்திலும் 52. உடம்பு எலும்பில் பாதிக்குமேல் அங்கேயே தீர்ந்துவிட்டது. கடைசியில் கணக்கு 199-இல் நின்றது. மறுபடி எண்ணினோம், அப்போதும் 199. காணாமல்போன ஏழில் ஆறு, காதுக்குள் இருப்பவை: சுத்தி, பட்டடை, அங்கவடி, காதுக்கு மூன்றாக. அங்கவடி ஓர் அரிசிமணி அளவுகூட இருக்காது. ஏழாவது, நாக்குக்கு அடியில் இருக்கும் நாவடி எலும்பு. அது வேறு எந்த எலும்போடும் மூட்டுச் சேராமல் தசையிலும் நாரிலும் தொங்குவது. அவை போனதும் அது தனியே உதிர்ந்துவிடும் என்று சொல்லித் தந்தார்.

இடது காறையெலும்பின் நடுவில் ஒரு புடைப்பு இருந்தது. காறை என்பது கழுத்தில் போடும் நகை, அது படியும் இடத்து எலும்புக்கும் அதே பேர் என்றார். கபடியில் தோளை உடைத்துக்கொண்ட பையன் எங்கள் வகுப்பில் இருந்தான். அவனைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்தவரின் புடைப்பைத் தொடச் சொன்னார். பிறகு அவனுடைய தோளைத் தொடச் சொன்னார். உடைந்த இடத்தில் முதலில் குருத்தெலும்பு கட்டி, பிறகு அது எலும்பாக இறுகுகிறது. "இவருக்கும் உனக்கும் ஒரே வலி வந்திருக்கு பாரு" என்றார். அவன் அன்று முழுக்கப் பேசவில்லை.

முன்கையில் ஆரை எலும்பு, அரந்தி எலும்பு என்று இரண்டு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் ஆரை எலும்பு அரந்தியின்மேல் குறுக்கே சாய்ந்துகொள்ளும். எனக்கு அது பாடமாகவே தெரியவில்லை. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு இட்லித்தட்டைக் கவிழ்க்கும்போது தினமும் பார்க்கிற காரியம் அது.

அந்த நாளில் கடைசியாகக் காட்டியதுதான் என் வாழ்க்கையைத் திருப்பியது. கணைக்கால் எலும்பின் கீழ்முனையில், முன்விளிம்பில், நகம் அளவுக்கு வழவழப்பாக ஒரு தட்டை இடம். நாளெல்லாம் குத்துக்கால் வைத்து உட்காருகிறவர்களுக்கு, கணுக்கால் முழுக்க மடங்கும்போது கீழே இருக்கும் எலும்பு அந்த விளிம்பில் வந்து அழுந்தும். அழுந்தி அழுந்தி எலும்பிலேயே அந்தத் தடம் விழும். "இவர் நாற்காலியில உக்காந்து வேலை பார்த்தவர் இல்லே" என்றார் டீச்சர். வீட்டுக்குப் போய் அம்மாவின் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏலே, என்ன பாக்க? தட்ட எடு" என்றாள்.

பிசியோதெரபி படித்தேன். டொராண்டோ வந்தேன். இங்கே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழைய எலும்புக்கூடு ஒன்றின் கணைக்காலில் அதே தடத்தைக் கண்டு நின்றுவிட்டேன். 1985-இல் இந்திய அரசு தடை போடும்வரை உலகெங்கும் பாடம் நடத்திய எலும்புகளில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து, முக்கியமாகக் கல்கத்தாவிலிருந்து போனவை. சம்மதம் கேட்டு யாரும் எடுக்கவில்லை. எடுக்கப்பட்டவர்கள் ஏழைகள். இதை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். எலும்பை ஒரு கையால் தூக்கினால் பொறுக்கமாட்டேன்.

அம்மாவுக்குக் கடைசிப் பத்து வருடம் முழங்கால் வலி. குருத்தெலும்பில் இரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் நீர்தான் அதற்கு ஆகாரம். அதனால் தேய்ந்தால் எளிதில் வளராது. நாற்காலி வாங்கிக்கொடுத்தேன். அதில் துணி காயப்போட்டாள். நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும், மகன் சொன்னான் என்று, தினமும் செய்தாள்.

சயான் சுடுகாட்டில் மறுநாள் காலை எலும்பு பொறுக்கப் போனோம். வெந்து வெளுத்த துண்டுகளுக்குள் என் கை தானாகத் தேடியது. கணைக்கால் எலும்பின் கீழ்முனை, இரண்டு விரல் அகலத்தில் கிடைத்தது. விளிம்பில் அந்தத் தடம் இருந்தது. பெரியவர் ஒருவர் கலயத்தை நீட்டி, "சீக்கிரம் போடுப்பா" என்றார். இரண்டு கையாலும் எடுத்து வைத்தேன்.