சாமி பேருக்கு ஒரு அர்ச்சனை

திருக்கருகாவூருக்கு இதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் வயிற்றில் பிள்ளை. கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியில் கொடுக்கும் விளக்கெண்ணெயை வாங்கி வந்து, வலி எடுத்ததும் அடிவயிற்றில் தடவிக்கொண்டேன். பெரியவனும் சின்னவளும் சுகப்பிரசவம். மூன்றாவது முறையாகப் போன மாதம் போனேன், வெறும் வயிற்றோடு.

பத்தாவது வாரத்து ஸ்கேனில் துடிப்பு இல்லை. அன்று காலையில்கூட வாந்தி எடுத்திருந்தேன். மறுநாளும் குமட்டல் நிற்கவில்லை. உள்ளே நின்றுபோனது உடம்புக்கு இன்னும் தெரியவில்லை, பாவம். அப்புறம் கருப்பையைச் சுத்தம் செய்கிற டி அண்ட் சி, இரண்டு நாள் படுக்கை.

"ரெண்டு தங்கக்கட்டி இருக்கே, அப்புறம் என்ன?" பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். நல்ல மனசோடுதான். முதல் கருவே தங்காமல் போயிருந்தால், என்னோடு உட்கார்ந்து அழுதிருப்பார்கள். எனக்கு அழுவதற்கே கூச்சமாகிவிட்டது. இன்னொரு தொல்லையும் இருந்தது. இரண்டு பிள்ளைகளை முழுசாகச் சுமந்த உடம்பாயிற்றே, அப்படியென்றால் தப்பு நான் செய்ததுதான் என்று புத்தி ஓடியது. தண்ணீர் கேனைத் தூக்கினேனே, வேகத்தடையில் ஸ்கூட்டியை ஏற்றினேனே என்று தினமும் ஒரு விசாரணை. உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகிறது, ஆரம்பத்தில் கலைபவற்றில் பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம், நீங்கள் செய்தது எதுவும் இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கண் தண்ணீர் கேன் மேல்தான் போனது.

"ஒரு தடவை அம்பாளைப் பார்த்துட்டு வா" என்றார் அத்தை. போய் என்ன கேட்பது? குழந்தை வேண்டுகிறவர்கள் நெய் வாங்குவார்கள், கர்ப்பிணிகள் எண்ணெய் வாங்குவார்கள். எனக்கு இரண்டுமே வேண்டியதில்லை. "ஒண்ணும் கேக்க வேண்டாம். சும்மா போய் நில்லு."

திருச்சியிலிருந்து பாசஞ்சரில் பாபநாசம், அங்கிருந்து ஆட்டோ. வெட்டாற்றங்கரை ஊர். முதலில் முல்லைவனநாதர். புற்று மண்ணாலான சுயம்பு என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துகிறார்கள். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் சாமியை இத்தனை நூற்றாண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். முன்பு இதையெல்லாம் நான் கவனித்ததேயில்லை.

தல வரலாறும் அப்படித்தான், தெரிந்த கதை, இந்த முறை வேறு மாதிரி கேட்டது. நித்துருவ முனிவர் வீட்டில் இல்லாத நேரம். கர்ப்பிணி மனைவி வேதிகை அசதியில் கிடக்கிறாள். பிச்சைக்கு வந்த ஊர்த்துவபாதர், தன்னை மதிக்கவில்லை என்று சபித்துவிட, கரு கலைகிறது. அம்பாள் அதைக் குடத்தில் ஏந்தி வளர்த்து, நைத்துருவன் என்ற பிள்ளையாகக் கையில் கொடுக்கிறாள். யோசித்துப் பார்த்தால் வேதிகை செய்த குற்றம் என்ன? களைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான். அவளை அம்பாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. கூடவே பொறாமையும் வந்தது, மறைப்பானேன். அவளுக்குக் குடம் கிடைத்தது. எனக்கு?

அம்பாள் சன்னிதி வாசற்படியை ஒரு பெண் நெய்யால் மெழுகிக்கொண்டிருந்தாள். அருகில் கணவர் நெய்க்கிண்ணத்தோடு நின்றார். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு நிறைமாதக்காரி. "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?" என்றாள். "ரெண்டு" என்று சொல்வதற்குள் தொண்டை அடைத்தது.

ஒரு கை அடிவயிற்றோடு சேர்ந்திருக்க நிற்கிறாள் அம்பாள். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். என் கணவர் எங்கள் நான்கு பேருடையதையும் சொன்னார். என் கையில் இன்னொரு அர்ச்சனைச் சீட்டு இருந்தது. ஏன் இரண்டாக வாங்கினேன் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது.

"இது யார் பேருக்கும்மா?"

பெயர் வைக்கவில்லை. நட்சத்திரமும் கிடையாது.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க."

குருக்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.