ஓ.ஏ.பி. (முதியோர், விதவை உதவித்தொகை) மனு: இ-சேவைக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய தாள்கள்

தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் "மனு போட்டாச்சு, இன்னும் ஒண்ணும் வரல" என்று உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு மனுவில் கோளாறு இருக்காது. ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது, ரேஷன் கார்டில் காலமான கணவரின் பெயர் என்று அதற்கு முந்தைய தாள்களில்தான் சிக்கல் இருக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிமார், தாத்தாமாருக்கு மனு போட்டுக் கொடுத்ததில் தெரிந்துகொண்டவை இவை.

முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆதரவற்ற விதவைக்கு 18 போதும். கணவரால் கைவிடப்பட்டவருக்கு 30, திருமணமாகாத ஏழைப் பெண்ணுக்கு 50. 2023 ஆகஸ்டில்தான் முதியோர், விதவைகளுக்கான தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது.

முதலில் ஆதாரைப் பாருங்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு அந்தக் காலத்தில் குத்துமதிப்பாக ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டார்கள். 65 வயது ஆச்சிக்கு ஆதாரில் 57 என்றிருந்தால் கணினி மனுவையே ஏற்காது. பிறந்த தேதியை ஆதாரில் பொதுவாக ஒரு முறைதான் மாற்ற முடியும். அதனால் கையில் உறுதியான சான்று இல்லாமல் அவசரப்பட்டு மாற்றப் போகாதீர்கள். கைபேசி எண்ணையும் சரிபாருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். வெளியூர் மகனின் எண்ணைக் கொடுத்தால் அவர் போனை எடுக்கும்வரை இ-சேவை மையத்தில் காத்துக்கிடக்க வேண்டும்.

அடுத்தது ரேஷன் கார்டு. விதவை மனு என்றால் கணவரின் இறப்புச் சான்றைக் காட்டி, முதலில் அவர் பெயரை நீக்கிவிடுங்கள். இறப்பைப் பதியாமல் ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். நம் மாவட்டத்துக்குத் திருநெல்வேலியிலும் சேரன்மகாதேவியிலும்தான் கோட்ட அலுவலகம். வாரிசுச் சான்று கேட்பதும் உண்டு. முதியவர் பெயர் மகனின் கார்டில் இருந்தால், விசாரணைக்கு வருகிறவர் "மகன் பராமரிப்பில் உள்ளார்" என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். உண்மையிலேயே தனி அடுப்பு வைத்துச் சமைக்கிறவர் என்றால், வட்ட வழங்கல் அலுவலகத்தில் தனிக் கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் மனு போடுவது நல்லது.

இவை சரியானால் இ-சேவையில் வேலை சுருக்கமாக முடிந்துவிடும். ஆதார், கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ கொண்டுபோனால் பதிந்து ரசீது தருவார்கள். விண்ணப்ப எண் உள்ள அந்தத் தாளைத் தொலைக்கக் கூடாது. "நான் முடிச்சுத் தாரேன்" என்று டீக்கடையில் ஆயிரக்கணக்கில் கேட்கிறவர் செய்வதும் இதே பதிவைத்தான்.

அங்கிருந்து மனு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் போகும். இவர் வேறு, வழக்கமான தாசில்தார் வேறு. தாலுகா ஆபீஸ் வளாகத்துக்குள் தவறான அறை முன்னால் அரைநாள் காத்திருப்பவர்கள் ஏராளம். மனு பிழைப்பதும் விழுவதும் வி.ஏ.ஓ. விசாரணையில்தான். அவரோ கிராம உதவியாளரோ வரும் நேரத்தில் முதியவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தால் "விலாசத்தில் இல்லை" என்று திரும்பிவிடும். மனு போட்ட வாரமே வி.ஏ.ஓ.விடம் நேரில் போய் விண்ணப்ப எண்ணைச் சொல்லி முகத்தைக் காட்டிவிட்டு வருவது எங்கள் பழக்கம்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம், சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் பழைய அட்டையில் "திருநெல்வேலி மாவட்டம்" என்றிருப்பதைப் பார்த்துத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்துக்கு பஸ் ஏற வேண்டாம். ராதாபுரம் பக்கத்தவர்கள் இப்போது தங்கள் ஊர் திசையன்விளை தாலுகாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி ஆனால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைச் சரிசெய்யாமல் மறுபடி மனு போட்டால் அதே பதில்தான் வரும். காரணமே நியாயமில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். ஆனால் அந்த மனுவும் சுற்றி அதே தனி வட்டாட்சியர் மேஜைக்குத்தான் வரும். அதனால் பழைய விண்ணப்ப எண்ணும் தள்ளுபடி நகலும் சேர்த்துக் கொடுத்தால்தான் பலன்.

ஆணை வந்த பிறகும் முதல் பணம் தாமதமாகலாம். பல வருஷம் தொடாத கணக்கு முடங்கியிருந்தால் பணம் ஏறாது, ஆகவே முன்கூட்டியே சிறு தொகை போட்டு எடுத்துப் பாருங்கள். ஊருக்கு வரும் வங்கிப் பிரதிநிதியின் மெஷினில் கைரேகை விழாதது இங்கே அடிக்கடி நடக்கும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் காலமெல்லாம் பீடி சுற்றிய விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? ஆதார் மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துப் பார்க்கலாம். அப்படியும் விழாவிட்டால் பாஸ்புக்கோடு வங்கிக் கிளைக்கே போய் எடுங்கள்.

மகளிர் உரிமைத் தொகை 1,000 வாங்கும் பெண்ணுக்கு ஓ.ஏ.பி. கிடைத்தால் உரிமைத் தொகை நின்றுவிடும், ஒருவருக்கு இரண்டும் கிடையாது. மாற்றுத்திறனாளி என்றால் முதியோர் மனு போடவே வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து வருவாய்த் துறையே அவர்களுக்கு 1,500 தருகிறது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தரும் பராமரிப்புத் தொகை 2,000. எது பொருந்தும் என்று அந்த அலுவலகத்தில் கேட்டுவிட்டு மனு போடுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, முதல்வர் உதவி மையம் 1100. விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.