வெளித் தண்ணீர்

"அக்கா, வெளித் தண்ணியும் எரியுதே?"

லேபில் ப்ராஜெக்ட் செய்ய வந்த தம்பி கேட்டது இவ்வளவுதான். 2023 மே, கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம். ஸ்டிரர் மேல் தண்ணீர் ஊற்றிய பெரிய பீக்கர், அதற்குள் சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே கசியவிடும் டயாலிசிஸ் பை, பைக்குள் பழுப்பு நிறத்தில் எங்கள் கார்பன் டாட்ஸ், அதாவது யூவியில் ஒளிரும் நானோ அளவுக் கார்பன் துகள்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு 365 நானோமீட்டர் யூவி டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பைக்குள் நீலம் பளீரென்று ஒளிர்ந்தது, அதைத்தான் எரிவது என்போம். பீக்கர் தண்ணீரும் நீலமாகத்தான் இருந்தது, கொஞ்சம் வெளிறி, வேட்டிக்குச் சொட்டு நீலம் கலக்கிய வாளி மாதிரி.

நான் நோட்டிலிருந்து நிமிரவில்லை. "ரியாக்ட் ஆகாம மிஞ்சினதுடா தம்பி, அப்படித்தான் இருக்கும். நாளைக்குக் காலைல பையை எடுத்துடு."

"எரியறது நிக்கிற வரைக்கும் தண்ணி மாத்தணும் இல்லையாக்கா?"

"தண்ணி எங்க இருக்கு?"

பொய் சொல்லவில்லை. அந்தக் கோடையில் போர் தண்ணீர் இன்னும் உப்பாகி, டிஸ்டிலேஷன் செட்டின் ஹீட்டர் முழுக்க வெள்ளையாய்ப் படிந்துபோயிருந்தது. ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் நாலு நாளில் மறுபடி படியும். ஒரு நாளைக்கு இரண்டு கேன் தண்ணீர், பங்குக்கு ஆறு பேர். பாலாற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டயாலிசிஸ் தண்ணீரை மணிக்கணக்குப் பார்த்து மாற்ற எனக்கும் ஆசைதான். 24 மணி நேரத்தோடு நிறுத்தியது அதனால்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் என் முதல் பதில் தப்பு. காட்பாடிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நாங்கள் போட்டது சிட்ரிக் ஆசிட், எத்திலீன் டையமீன், தண்ணீர். டெஃப்லான் குடுவை, ஆட்டோகிளேவ், 200 டிகிரி, 5 மணி நேரம். சிட்ரிக் ஆசிட் எரியாது, எத்திலீன் டையமீனும் எரியாது. மிஞ்சியதுதான் வெளியே வந்தது என்றால் வெளித் தண்ணீர் இருட்டாக அல்லவா இருக்க வேண்டும்? எரிகிறது என்றால், குடுவைக்குள் புதிதாக உண்டாகி, 1000 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேலானதை நிறுத்திவிடும் பையைத் தாண்டும் அளவுக்குச் சின்னதாக இருக்கும் ஏதோ ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் 180 டால்டன் எடையில் ஒரு மூலக்கூறு உண்டாகும், அதே நீலத்தில் பிரமாதமாக ஒளிரும் என்று 2015லேயே பேப்பர் வந்திருக்கிறது. நான் படித்த பேப்பர்தான், பென்சிலில் கோடுகூடப் போட்டிருந்தேன்.

அப்படியானால் பைக்குள் எரிவதில் டாட்ஸ் எவ்வளவு, அந்த மூலக்கூறு எவ்வளவு?

அந்த டாட்ஸை வைத்து வைட்டமின் பி12 அளந்தோம், செல்லைப் படம் எடுத்தோம், இரண்டையும் பேப்பராக எழுதினோம். வைட்டமின் அளவீட்டைப் பொறுத்தவரை எனக்கு ஒரு சமாதானம் உண்டு. பி12 கிட்டத்தட்ட 361 நானோமீட்டரில் ஒளியை வாரி உறிஞ்சும். நாங்கள் டாட்ஸைத் தூண்டுவது 360ல். தூண்ட வேண்டிய வெளிச்சத்தைப் பி12 முன்னாடியே குடித்துவிடுகிறது, நீலம் மங்குகிறது, மங்கியதை வைத்து அளக்கிறோம். எரிவது எதுவானாலும் கணக்கு மாறாது. ரத்தத்தில் பி12 பிக்கோமோலார் கணக்கில் இருக்கும், எங்களுக்கு அதைவிடப் பத்து லட்சம் மடங்கு பெரிய மைக்ரோமோலார் கணக்குதான் எட்டியது. அதையும் ஒளிக்கவில்லை, மாத்திரையில் அளக்கலாம் என்றுதான் எழுதினோம். நேர்மையாகத்தான் எழுதினோம்.

ஆயுத பூஜை லீவில் ஆளில்லாத லேபில் அந்த வெளித் தண்ணீரையே எடுத்து அதில் பி12 விட்டுப் பார்த்தேன். தம்பி அதைக் கொட்டாமல் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தேதி எழுதி ஃபிரிட்ஜில் வைத்திருந்தான். டாட்ஸில் வந்த அதே கோடு வந்தது, பி12 ஏற ஏற நீலம் இறங்கும் கோடு. சாய்வுகூட ஏறக்குறைய அதேதான். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் மெஷினை ஆஃப் பண்ணிவிட்டுப் பொரி பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

செல் இமேஜிங்தான் உறுத்துகிறது. வெளியூர் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம் அது. புற்றுநோய் செல்லுக்குள் நீலம் பரவி, நடுவில் நியூக்ளியஸ் மட்டும் சற்று மங்கலாக. அதன் கீழே "கார்பன் டாட்ஸ் செல்லுக்குள் நுழைந்தன" என்று எழுதினேன். நுழைந்தது யார்? 180 டால்டன் மூலக்கூறு சவ்வைத் தாண்டிப் போயிருந்தால் அந்த வாக்கியம் தப்பு. டெம் என்ற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தில் 3 நானோமீட்டர் புள்ளிகள் இருக்கின்றன, அது உண்மை. ஆனால் புள்ளி இருக்கிறது என்பதும் அந்தப் புள்ளிதான் எரிகிறது என்பதும் ஒன்றா?

என் கைடு சாரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ரிவ்யூவர் கேக்கலையேம்மா. கேட்டா பண்ணலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஃபெலோஷிப் முடிய நாலு மாதம்தான் இருந்தது, அது அவருக்கும் தெரியும். காட்மியம் டாட்ஸ் செல்லுக்கு நஞ்சு என்று பாதி வழியில் விடவைத்து, கார்பனுக்கு மாறச் சொன்னதே அவர்தான். அன்றைக்குச் செல்லைப் பற்றிக் கவலைப்பட்டவர்.

அந்த வருஷம் அக்டோபர் 4 அன்று பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் அறிவித்தார்கள், குவாண்டம் டாட்ஸ் என்ற நானோ துகள்களுக்காகவே. சார் மைசூர்பாகு வாங்கி வந்தார். அளவு மாறினால் நிறம் மாறும் என்பதுதான் அவர்கள் காட்டிய அற்புதம். எங்களுடையதில் நிறம் அளவால் வந்ததா? ஸ்வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தம்பி அப்போது ப்ராஜெக்ட் முடித்துக் குடியாத்தத்துக்கே போய்விட்டிருந்தான்.

அன்றைக்கு நிமிர்ந்து பார்த்து "தெரியலடா, எடுத்து ஸ்பெக்ட்ரம் போடு" என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன போயிருக்கும்? ஒரு கேன் தண்ணீரும் ஒரு வாரமும். எத்தனையோ தடவை மனசுக்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த வாரம் எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

பேப்பர் வந்துவிட்டது. நன்றியுரையில் அவன் பெயரைச் சேர்த்தேன். பார்த்துவிட்டு "தேங்ஸ்க்கா" என்று மெசேஜ் போட்டான். வெளித் தண்ணீரைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. பதில் டைப் பண்ணி அழித்தேன்.